ஓலை நிழல் எங்கே, தம்பி?

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிடமும் ஒரே கேள்விதான். "தம்பி, அந்த ஓலை நிழல் எங்க?"

மாக்கப் (அச்சடிக்கும் முன்பே பொருள் எப்படி இருக்கும் என்று காட்டும் படம்) அனுப்பிப் பிழைப்பவர்களுக்கு எந்த நிழல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டவர் காவேரிப்பட்டணத்து நிப்பட்டுக்காரர், தட்டை மாதிரியான மொறுமொறு பலகாரம் விற்பவர். அவர் பைக்கு நான் வடிவமைத்த லேபிளை முதலில் வெறும் லேபிளாகத்தான் அனுப்பினேன். "என்னப்பா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார். சரி என்று ஆன்லைன் மாக்கப் தளத்துக்குப் போனேன். அதைக் குறை சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. முன்பெல்லாம் பெரிய பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்பை இறக்கி, அதில் படம் வைக்கும் அடுக்கான ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத் திறந்து லேபிளை வைத்து, என் கிழட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் டீயே குடித்துவிட்டு வரலாம். இப்போது லேபிள் படத்தை (பிஎன்ஜி) ஏற்றினால் போதும், ரெண்டு நிமிடத்தில் பை நிமிர்ந்து நிற்கிறது. (தமிழை மட்டும் அங்கேயே டைப் அடித்துவிடாதீர்கள். 'மொறுமொறு'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும்.)

மனிதர் மயங்கிவிட்டார். பளபளப்பில்லாத மேட் பை, ஜன்னல் வெளிச்சம், ஓரமாக ஓலை நிழல். "இதே மாதிரி அடிச்சிடு!"

அவரிடம் இருந்ததோ கிலோ கணக்கில் வாங்கிய பளபள கவர். அதன்மேல் ஸ்டிக்கர்தான் ஒட்ட முடியும். பையிலேயே அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சு உருளை (சிலிண்டர்) செதுக்க வேண்டும், பெரிய ஆர்டராக இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்று மூன்று முறை சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டார், இன்று காலையில்.

"அது போட்டோவுல விழற நிழல்ணா."

"அதத்தான் கேக்கறேன். போட்டோவுல இருக்கு, கவர்ல ஏன் இல்ல?"

"வெயில்ல வெச்சா நிழல் விழும்ணா."

"ஓலை நிழல் விழுமா? எங்க கடைகிட்ட தென்னமரமே இல்லியேப்பா."

இதற்கு நான் என்ன சொல்வது? கன்று வாங்கி நட்டுக் கொடுக்கட்டுமா? அதற்கும் ரெண்டு நிமிடம்தானே ஆகும்!

லேபிளின் பின்பக்கத்துக்கு எப்எஸ்எஸ்ஏஐ எண்ணை, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை, மூன்று வாரமாகக் கேட்கிறேன். 14 இலக்கம். அனுப்பியதில் 13தான் இருந்தது. மாக்கப்பில் பின்பக்கம் தெரியாதில்லையா, அதனால் அந்தப் பைக்குப் பின்பக்கமே கிடையாது அவரைப் பொறுத்தவரை.

அப்புறம்தான் அடுத்த குண்டு. அந்த மாக்கப்பையே வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து, பத்துக்கு எட்டு அடியில் பிளெக்ஸ் அடித்துக் கடைமேல் ஏற்றிவிட்டார். படம் உடைந்து, நிப்பட்டு ஒவ்வொன்றும் செங்கல் அடுக்கினாற்போல் கட்டம் கட்டமாக நிற்கிறது. இலவசக் கணக்கில் இறக்கிய படம் வேறு. குறுக்கே அந்தத் தளத்தின் பெயர் வாட்டர்மார்க்காக, அதுவும் படத்தோடு வளர்ந்துவிட்டது.

"அது யாரு பேரு தம்பி? வர்றவங்க எல்லாம் புது பார்ட்னரான்னு கேக்கறாங்க."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நேரில் வா, பேசிக்கொள்ளலாம் என்றார்.

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் கண்டக்டர் சொல்கிறார், "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல எறங்கி நடந்துக்க." போர்டில் காவேரிப்பட்டணம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே ஐயா!