அன்ஃபிட்

சித்தப்பா தாராவியில் குடியிருக்க வரவில்லை. 1998இல் திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வந்து, இங்கிருந்து சவுதிக்கு வேலைக்காக ஃப்ளைட் ஏறுவதாகத்தான் ஏற்பாடு. ஏஜென்ட் மெடிக்கலுக்கு அனுப்பினான், ரத்தம் எடுத்தார்கள். நாலாம் நாள் கையில் வந்த சீட்டில் 'அன்ஃபிட்'. ஏன் என்று கேட்டதற்கு, "ரத்தத்துல காமாலை இருக்கு" என்றானாம். அவ்வளவுதான்.

கண்ணாடியில் பார்த்தால் கண் வெள்ளையாக இருக்கிறது. ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்றே கடைசி வரை நம்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டி சொன்னபடி கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தார். அப்புறம் சைக்கிளில் இட்லி வியாபாரம், கல்யாணம், பிள்ளைகள். 2021இல் வயிறு வீங்கி ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் பெரிய கட்டி. "ஹெபடைட்டிஸ் பி எத்தனை வருஷமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெயரையே நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம். ஏழு மாதம் இருந்தார்.

எனக்கு அந்தச் சீட்டின் மேல்தான் ஆத்திரம். முதலாளிக்கு வேண்டிய பதில் முதலாளிக்குப் போய்விட்டது. ரத்தம் கொடுத்தவனுக்கு 'இது என்ன நோய், எங்கே காட்ட வேண்டும்' என்று யாரும் சொல்லவில்லை. நம் ஆட்களும் அன்ஃபிட் என்றால் பரீட்சையில் ஃபெயில் ஆன மாதிரி மறைத்துவிட்டு வேறு ஏஜென்ட் தேடுகிறோம்.

காமாலை என்ற சொல்லும் நம்மைக் கெடுக்கிறது. மஞ்சள் இறங்கினால் நோய் போச்சு என்று நினைக்கிறோம். இந்த ஹெபடைட்டிஸ் பி வைரஸோ கண்ணில் காட்டாமலே இருபது, முப்பது வருஷம் ஈரலில் உட்கார்ந்திருக்கும். ஈரல் சுருங்காமலேகூடப் புற்றுநோய் வரலாம். கீழாநெல்லியை நான் கிண்டல் செய்யவில்லை. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய புளூம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அதற்குப் பலன் இருப்பதாக நல்ல சேதியாகத்தான் வந்தது. பின்னால் மற்றவர்கள் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அப்படியானால் பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம் இல்லையா? அப்பாவும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே. டெஸ்ட் எடுத்தோம், பாசிட்டிவ். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம். பாசிட்டிவ் ஆன எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, அப்பாவுக்குத் தேவைப்பட்டது. தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். எனக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் நெகட்டிவ், தடுப்பூசி போட்டுக்கொண்டோம்.

சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது, ரேசரைத்தான் தனியாக வைக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைத்து அப்பாவின் தட்டை மறுபடி எங்கள் தட்டுகளோடு சேர்க்க ஒரு மாதம் ஆனது.

பாக்கி அத்தை ஒருத்திதான். மூன்று தடவை போன் போட்டாச்சு. "எனக்கு என்னலே, கண்ணு மஞ்சளாவா இருக்கு?" என்கிறாள். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், நேரில் போய்க் கூட்டிக்கொண்டு போக.