மழுங்கிய திருகும் மண்ணில் இறங்காத ஆணியும்

விண்வெளிக்கு மனிதர்கள் போகத்தான் வேண்டுமா, ரோபோக்களே போதாதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு இரண்டு பழுதுகள் நினைவுக்கு வரும்.

2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் இன்சைட் கலத்தில், தன்னைத்தானே அடித்துக்கொண்டு மண்ணுக்குள் புகும், சுமார் 40 செ.மீ. நீளமுள்ள ஆணி போன்ற ஒரு கருவி இருந்தது. ஜெர்மானியர்கள் உருவாக்கிய அக்கருவி, 5 மீட்டர் ஆழம்வரை இறங்கிக் கோளின் உள்வெப்பத்தை அளக்க வேண்டும். ஆனால் பூமியில் ஒத்திகை பார்த்த மண்ணைப்போல அந்த மண் இல்லை; அது கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு ஆணியைச் சுற்றிப் பள்ளம் விட்டதால், பிடிமானம் கிடைக்காமல் ஆணி ஒரே இடத்தில் குதித்துக்கொண்டிருந்தது. கலத்தின் கையிலிருந்த சிறு அகப்பையால் பக்கவாட்டில் அழுத்தியும் தலையில் அழுத்தியும் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போராடிய பிறகு, ஆணியின் தலை தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. போன நிலையில், 2021 ஜனவரியில் முயற்சி கைவிடப்பட்டது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால் காலால் மண்ணை மிதித்து இறுக்கியிருப்பார்.

இன்னொன்று பூமியைச் சுற்றிவரும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. கொலம்பியா விண்ணோடம் ஏழு வீரர்களோடு சிதறிப்போன விபத்துக்குப் பிறகு, 2004இல், மனிதர்களை அனுப்பாமல் ரோபோவைக் கொண்டே அதைப் பழுதுபார்க்கலாமா என்று நாசா தீவிரமாக ஆராய்ந்து, பிறகு அதை விட்டுவிட்டது. 2009 மே மாதம் விண்வெளி வீரர் மைக் மாசிமினோ அதிலுள்ள ஒரு கருவியைத் திறக்கப் போனபோது, குறுக்கே இருந்த கைப்பிடியொன்றின் கடைசித் திருகின் தலை மழுங்கிப்போயிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நுண்திருகுகளைக் கழற்றத் தனிக் கருவிகள் செய்து பல ஆண்டுகள் பயிற்சி எடுத்திருந்தவர்களை நிறுத்தியது, யாரும் பொருட்படுத்தாத இந்தக் கைப்பிடிதான். பூமியில் பொறியாளர்கள் ஒரு மாதிரியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன யோசனைப்படி, துண்டுகள் சிதறாதபடி நாடா ஒட்டி, அவர் கைப்பிடியையே பிடித்து இழுத்து உடைத்தார். எந்த மெக்கானிக்கும் கடைசியில் செய்யக்கூடியதுதான்.

இதனால் ரோபோக்களைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். 90 நாள் வேலைக்கென்று செவ்வாய்க்குப் போன ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 45 கி.மீ. ஓடியது, அந்தப் பொறுமை எந்த மனிதருக்கும் வராது. ஆனால் 1972இல் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவில் மூன்றே நாளில் சுமார் 35 கி.மீ. வண்டியோட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்குச் சமிக்ஞை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும்போது, ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் வைக்க முடியும்.

ஆகவே, மனிதர்கள் செவ்வாயைச் சுற்றும் பாதையிலோ அதன் நிலவான ஃபோபோஸிலோ இருந்துகொண்டு, தரையிலுள்ள ரோபோக்களைத் தாமதமின்றி இயக்கலாம் என்ற யோசனை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் போய்வரும் பயணத்தில் மட்டுமே ஏறத்தாழ 0.66 சீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு உடலில் ஏறும் என்று கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் சென்ற வழியில் எடுத்த அளவீடுகள் காட்டின. தரையில் இறங்கித் தங்குவோருக்கும், கதிர்வீச்சைத் தடுக்கத் தங்குமிடத்தின் கூரைமேல் கனமாக மண் மூட வேண்டியிருக்கும். அவர்கள் போய்ச் சேருமுன் மண்ணை அள்ளிக் கொட்டி வைக்க வேண்டியவை ரோபோக்களே. அதுவும் இன்சைட்டின் ஆணியை உள்ளே விட மறுத்த அதே மண்ணை.