செர்ரி ஜாமும் தாழ்ந்த தோளும்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாஸவ் சகோதரர்கள்’ நாவல் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதில் அண்ணன் இவானுக்குச் சந்தேகம், மடத்தில் வாழும் தம்பி அல்யோஷாவுக்கு விசுவாசம் என்று சொத்துப் பிரிப்பது போல ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டீர்களே! இவானைச் சந்திக்கும் அதே நாளில்தான் அல்யோஷா, தான் மணக்கவிருக்கும் லிசாவிடம், தனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லையோ என்னவோ என்று வாய்விட்டுச் சொல்கிறான். அடுத்து, குருவான துறவி ஸோசிமா இறந்தபின், புனிதர் உடல் கெடாது என்ற நம்பிக்கைக்கு மாறாக அவர் உடல் நாற ஆரம்பித்ததும் ஆடிப்போகிறான். இவானோ கடவுளை மறுக்கவில்லை. குழந்தைகளின் கண்ணீரின் மேல் கட்டிய உலகம் எனக்கு வேண்டாம், அதற்கான நுழைவு டிக்கெட்டைத் திருப்பித் தருகிறேன் என்கிறான்.

எனக்கு, சகோதரர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் அந்த விடுதிக் காட்சியில் தத்துவத்தைவிட செர்ரி ஜாம்தான் பெரிதாகப் படுகிறது. தாயை இழந்து அடுத்தவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். தம்பிக்குச் சின்ன வயதில் செர்ரி ஜாம் பிடிக்கும் என்பதை நினைவு வைத்திருந்து வரவழைக்கிறான் இவான். இவனையா வறட்டு நாத்திகன் என்பது?

மண்ணுக்குத் திரும்பி வந்த கிறிஸ்துவையே சிறைப்பிடிக்கும் மதவிசாரணை அதிகாரியின் கதையை இவான் சொல்லி முடித்ததும் அல்யோஷா முதலில் மறுத்துப் பேசுகிறான்; கடைசியில் வாதத்தை விட்டுவிட்டு அண்ணனை முத்தமிடுகிறான். பிரிந்து போகும்போது அண்ணனின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருப்பதை முதல்முறையாகக் கவனிக்கிறான். (பலர் தாண்டிப் போய்விடும் வரி இது.) கூடப் பிறந்தவனை அவன் அன்றுதான் பார்க்கிறான்.

1878இல் மூன்று வயதுகூட நிரம்பாத மகனைப் பறிகொடுத்தார் தஸ்தயேவ்ஸ்கி. அந்தக் குழந்தையின் பெயரும் அல்யோஷா. கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.