250 டாலர் வாக்கு

1829 முதல் 1837 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் காலத்தை 'சாமானியனின் காலம்' என்று அமெரிக்கர்கள் கொண்டாடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நிலபுலன் இல்லாத கூலியாளும் தச்சனும் வாக்காளர்கள் ஆனார்கள். கட்சிகள் ஊர்தோறும் கிளை பரப்பின. 1824இல் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களித்தார்கள். 1840இல் பத்தில் எட்டுப் பேர். இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

நியூ ஜெர்சியைப் பாருங்கள். 1776ஆம் ஆண்டு அரசமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள 'எல்லாக் குடிகளுக்கும்' வாக்குரிமை தந்தது. விதவைகளும் மணமாகாத பெண்களும் சுதந்திரக் கறுப்பினத்தவரும் அங்கே வாக்களித்தார்கள். 1807இல் எசெக்ஸ் வட்டாரத்தில் நீதிமன்றக் கட்டடத்தை எந்த ஊரில் கட்டுவது என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இரு தரப்பிலும் கள்ள ஓட்டு. பழி மட்டும் பெண்கள்மீதும் கறுப்பினத்தவர்மீதும் விழுந்தது. அந்த ஆண்டே வரி கட்டும் வெள்ளை ஆண்கள் மட்டுமே வாக்காளர்கள் என்று சட்டம் வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாக இருந்த உரிமையை ஒரே சட்டத்தில் பறித்தார்கள்!

நியூயார்க்கில் நடந்தது இன்னும் கொடுமை. 1821இல் அரசமைப்பைத் திருத்தக் கூடிய மாநாடு, வெள்ளை ஆண்களுக்கு இருந்த சொத்து நிபந்தனையை நீக்கியது. அதே மாநாடு, கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் கடன் போக 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும், மாநிலத்தில் மூன்று ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும் என்று விதித்தது. இதில் நிறவெறி மட்டுமல்ல, கட்சிக் கணக்கும் இருந்தது. அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கத் துணைநின்ற ஃபெடரலிஸ்ட் கட்சிக்கே கறுப்பின வாக்காளர்களில் பலர் வாக்களித்துவந்தார்கள். எதிர்க்கட்சிக்குப் போகும் வாக்கை வேரோடு வெட்டிவிட இதைவிட வசதியான வழி ஏது?

அந்த மாநாட்டில் மார்ட்டின் வான் பியூரனும் இருந்தார். கறுப்பினத்தவரை முற்றிலும் விலக்குவதை அவர் எதிர்த்தார். 250 டாலர் நிபந்தனையை ஆதரித்தார். பின்னாளில் ஜாக்சனை முன்னிறுத்தி ஜனநாயகக் கட்சியைக் கட்டியெழுப்பியவரும் அவரே. அமைப்புத் திறமையில் அவருக்கு நிகர் அக்காலத்தில் அரிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் திரட்டிய 'மக்கள்' யார் என்பதை 1821ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. 1838இல் பென்சில்வேனியாவும் தன் அரசமைப்பில் வாக்காளருக்கான தகுதியாக 'வெள்ளை' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

நியூயார்க்கின் அந்த நிபந்தனையை நீக்கலாமா என்று 1846, 1860, 1869 என மூன்று முறை வாக்காளர்களிடமே கேட்டார்கள். மூன்று முறையும் பெரும்பான்மையினர் மறுத்தார்கள். கடைசியில் 1870இல் நாட்டின் அரசமைப்பில் வந்த, நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம்தான் அதைச் செல்லாததாக்கியது. 1821இல் இருபத்தொரு வயதை எட்டிய கறுப்பின இளைஞன் ஒருவன் அதுவரை உயிரோடு இருந்திருந்தால், அவனுக்கு வயது எழுபது.