பஞ்சாரி கேட்ட காதுக்கு மெட்டல் புரியும்

ஒரு மெட்டல் ஆல்பம், அதாவது மின்கிதாரும் டிரம்மும் கனமாக ஒலிக்கும் ராக் ஆல்பம், நல்லதா இல்லையா என்பதை அதன் வேகத்தை வைத்து முடிவு செய்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை. கிதாரில் விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, டிரம்மர் நிமிடத்துக்கு எத்தனை அடி அடிக்கிறார் என்று கணக்குப் பேசுவார்கள். நான் கவனிப்பது வேறு. அந்த வேகத்தை எவ்வளவு நேரம் கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் விடுகிறார்கள்? இது தெரிந்தவர்கள் செய்த ஆல்பங்களைத்தான் நாற்பது ஐம்பது வருஷம் கழித்தும் உட்கார்ந்து முழுதாகக் கேட்க முடிகிறது.

பாட்டுப் பத்திரிகை படித்து வந்த எண்ணம் இல்லை இது. கேரளத்துப் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வளர்ந்ததால் வந்தது. வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும். மாரியம்மன் நோம்பி வந்தால் தப்பட்டை. கொஞ்சம் மேற்கே போய்க் கோயில் உற்சவத்தில் நின்றால் செண்டை. இந்த இரண்டு கொட்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மெட்டல் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

கேரளக் கோயில் உற்சவங்களில் செண்டைக்காரர்கள் கூட்டமாக நின்று கொட்டும் பஞ்சாரி மேளத்தை முழுதாக நின்று கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். அது ஐந்து கட்டமாக நடக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் காலம் என்று பெயர். முதல் காலத்தில் தாளவட்டம் 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை. அடுத்தது 48. அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் வட்டம் பாதியாகச் சுருங்குகிறது. முதல் காலம் நடக்கும்போது புதிதாக வந்தவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். செண்டைக்காரர்கள் ஆடாமல் நிற்பார்கள், இலத்தாளம் என்கிற வெண்கலத் தாளம் நிதானமாக விழும், ஊதுகொம்பு நீளமாக இழுக்கும். ஆனால் பழகிய ஆட்கள் அப்போதே தாளம் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கடைசிக் காலத்தில் மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கி வீசுகிறதே, அந்த வெறி முதல் காலத்தின் பொறுமையில் சேர்த்து வைத்தது. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் வீடியோவில் பார்க்கிறவருக்கு அது வெறும் சத்தம்.

மெட்டல் கச்சேரியிலும் கூட்டம் அதே மாதிரிதான் கையை வீசுகிறது. அதனால் மெட்டலை நான் பஞ்சாரி கேட்ட காதோடுதான் கேட்கிறேன், ஆல்பங்களைத் தரம் பிரிப்பதும் அதை வைத்துத்தான்.

முதலில் பிளாக் சபாத். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பம். ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது. அதன் முதல் பாட்டில் மழை, சர்ச் மணி, அதன்பின் மூன்றே மூன்று சுரம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடும்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து கீழே இறங்கி பிரதி மத்யமத்தில் வந்து நிற்பது. அதே பிரதி மத்யமம்தான் கல்யாணியிலும் இருக்கிறது. ஆனால் கல்யாணியில் அதற்குப் பக்கத்தில் பஞ்சமம் துணைக்கு இருக்கும். இங்கே துணையே இல்லாமல் அந்தச் சுரத்தை நடுக்க விட்டு நிறுத்துகிறார் கிதார் வாசிக்கும் டோனி அயோமி. அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்கும் நேரத்தில் பயம் வருகிறது. பாட்டு முடிய இருக்கும்போதுதான் ஓட்டம் பிடிக்கிறது. மொத்த மெட்டலும் பிறந்தது இந்த ஒரு பாட்டில் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான்.

அயோமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பர்மிங்காமில் தகட்டு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. 17 வயது. வேலையை விட்டுப் போக இருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் கை மாட்டி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். அதனால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகள் போட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் பல பாட்டுகளுக்குத் தந்தியை ஒன்றரை சுரம் தளர்த்திவிட்டார். தந்தி தளர்ந்ததும் விரலுக்கு வலி குறைந்தது, ஒலி கீழே இறங்கிக் கனத்தது. இன்று உலகத்தில் பாதி மெட்டல் குழுக்கள் தந்தியைத் தளர்த்தி வாசிப்பதற்கு அந்த இரண்டு விரல்தான் ஆரம்பம். கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்காலைகளில் இரவு ஷிஃப்ட் நிற்பவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆல்பத்தை நான் விளக்கவே வேண்டியதில்லை. 2025 ஜூலையில் பிளாக் சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்த செய்தி வந்தபோது, சொந்த ஊரில் கடைசிக் கச்சேரியைப் பாடி முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு முழுவதும் இந்த முதல் ஆல்பம்தான் எங்கள் வீட்டில் ஓடியது.

அடுத்து, 1971இல் வந்த லெட் செப்பலின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அணை உடையப் போகிறது என்று பாடும் பாட்டு. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்தது அதன் மூலம். இதில் ஜான் பானமின் டிரம்மை ஹெட்லி கிராஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் வைத்து, மாடிப்படிகளின் மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த வீட்டின் சுவர்கள் சேர்த்துத்தான் டிரம் ஒலிக்கிறது. பானம் அதில் வித்தை எதுவும் காட்டவில்லை. ஒரே அடிதான், மெதுவாக, கடைசிவரை. 2018 வெள்ளத்தைப் பார்த்த மாநிலத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) பற்றி எழுதாத ஆள் இல்லை என்பதால் ஒன்று மட்டும். அதில் கிளேர் டோரி என்ற பாடகி சொல்லே இல்லாமல் பாடுவார். நமக்கு அது புதிதில்லை, ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் சேர 2005 வரை ஆயிற்று, அதுவும் வழக்குப் போட்ட பிறகு. அந்த நான்கு நிமிடச் சொச்சத்தை எடுத்துவிட்டால் அந்த ஆல்பத்தில் உயிர் பாதி போய்விடும் என்பது என் எண்ணம்.

இப்போது மெட்டாலிக்கா. இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. 1986 மார்ச்சில் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’. கோபன்ஹேகனில் ஃபிளெமிங் ராஸ்முசனோடு சேர்ந்து பதிவு செய்தது. எட்டே பாட்டு, 54 நிமிடத்துக்கும் மேல். முதல் பாட்டே மின்சாரமில்லாத கிதாரில் தொடங்குகிறது. வேகத்துக்குப் பேர் போன குழு, ஆல்பத்தின் வாசலில் நம்மை நிறுத்தி வைக்கிறது. ஆல்பத்தின் பெயர் கொண்ட இரண்டாவது பாட்டு எட்டரை நிமிடம். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வலது கையைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்து அந்த வேகத்தைக் கொண்டு போகிறார். மேலும் கீழுமாக அடித்தால் சுலபம், ஆனால் அந்த வெட்டு கிடைக்காது. பாதி தாண்டும் முன் எல்லாம் அடங்கி, இரண்டு கிதார் சேர்ந்து கிட்டத்தட்ட தாலாட்டு வாசிக்கின்றன. அந்த அமைதியிலிருந்து மறுபடி படி ஏறுவார்கள் பாருங்கள், ஒவ்வொரு படியும் கேட்கும். போதை மனிதனை எப்படி ஆட்டுவிக்கிறது என்பதுதான் பாட்டு. நடுவில் வரும் அந்த இதமும் போதையின் ஒரு முகம்தான் என்று பலமுறை கேட்ட பிறகு பிடிபட்டது.

அப்புறம் ‘ஒரையன்’. சொல் இல்லாத பாட்டு. கிளிஃப் பர்ட்டனின் பேஸ், அதாவது கீழ்ச்சுரம் வாசிக்கும் கிதார், தூரத்திலிருந்து வருகிற மாதிரி தொடங்கி, நடுவில் மொத்தப் பாட்டையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டு மெதுவாக நடக்கும். ஒருநாள் இதை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எங்கள் மாமா பூரம் பூரமாகச் சுற்றி மேளம் கேட்டவர், இங்கிலீஷ் பாட்டு என்றாலே எழுந்து போய்விடுவார். அன்றைக்குத் திண்ணையிலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு, “இவன் பரவால்ல கண்ணு, பொறுத்து வாசிக்கிறான்” என்றார். எனக்குத் தெரிந்து அந்தப் பாட்டுக்கு அதைவிட நல்ல விமர்சனம் யாரும் எழுதவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 27 அன்று சுவீடனில் பஸ் கவிழ்ந்து பர்ட்டன் இறந்தார். 24 வயது.

அடுத்த ஆல்பமான ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) எனக்குப் பெரிய வருத்தம். பாட்டுகள் எல்லாம் அபாரம். ஆனால் புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸைக் கலவையில் கேட்கவே முடியாத அளவுக்குத் தாழ்த்திவிட்டார்கள். இலத்தாளத்தை நிறுத்திவிட்டு மேளம் கொட்டினால் எப்படி நிற்கும்? அடித்தளம் இல்லாமல் மேலே எவ்வளவு கட்டினாலும் காது ஒரு குறையைத் தேடிக்கொண்டே இருக்கும். அதை உயர்ந்த ஆல்பம் என்கிற நண்பர்களோடு நான் இன்னும் சண்டை போடுகிறேன்.

என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி உண்டு: ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’, அதுவும் 1986தான். பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். கேசட்டில் ஒரு பக்கத்திலேயே முழு ஆல்பமும் அடங்கிவிட்டதால், மறுபக்கத்திலும் அதையே பதிந்து விற்றார்கள். பொறுமை என்ற பேச்சே இல்லை, பஞ்சாரியை நேராக ஐந்தாம் காலத்தில் தொடங்குகிறார்கள். ஆனாலும் அது பெரிய ஆல்பம்தான். ஏன் என்றால், அந்த வேகத்தை அரை மணிநேரத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது என்று தெரிந்து 29 நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியை எல்லாம் துடைத்து ஒலியைக் காய வைத்தது இன்னொரு காரணம், அந்த வேகத்தில் எதிரொலியும் சேர்ந்திருந்தால் கூழாகிவிடும். கடைசிப் பாட்டு இடியோடும் மழையோடும் தொடங்கி, டிரம்மில் மூன்று மூன்றாக அடி விழும்போது மட்டும் மூச்சு விட இடம் தருகிறார்கள். அந்த இடம்தான் உலகம் முழுக்க எல்லோருக்கும் நினைவிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அயர்ன் மெய்டனைச் சொல்லாமல் விட்டால் ஊரில் நடமாட முடியாது. 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூர் வந்தபோது பாலக்காட்டிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் நிறையப் பேர். எனக்கு ‘பவர்ஸ்லேவ்’ (1984). கோல்ரிட்ஜின் பழைய மாலுமி கவிதையை ஸ்டீவ் ஹாரிஸ் 13 நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டாக்கினார். நடுக்கடலில் காற்று நின்றுபோகும் இடத்தில் பாட்டும் நின்றுபோகிறது. கப்பல் மரம் முனகும் சத்தமும் பேஸும்தான். அந்தத் துணிச்சல் இன்றைக்கு எத்தனை பேருக்கு இருக்கும்? முப்பது விநாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போகும் காலம் இது.

மலையாளக் குழுக்களைப் பற்றிப் பெருமையாகவே எழுதுவேன். கொச்சியின் மதர்ஜேன் 2008இல் கொண்டுவந்த ‘மக்தூப்’பில் பைஜு தர்மஜனின் கிதார் கமகத்தோடு பேசுகிறது. அதே வருஷம் வந்த அவியல் குழுவின் ஆல்பம் சுத்த மலையாளத்தில், நாட்டுப்பாட்டுச் சொற்களோடு, எந்தக் கூச்சமும் இல்லாமல் ராக் பாடியது. கண்ணூரிலிருந்து வந்த தி டவுன் டிராடன்ஸ் 2014இல் போட்ட ஆல்பம் எந்த நாட்டு மெட்டலோடும் சேர்த்து வைக்கக்கூடியது. இவர்கள் எல்லோரும் தாங்கள் வளர்ந்த மண்ணின் ஒலியை விட்டுவிடவில்லை, அதனால் வெளிநாட்டு நகல் என்று ஒதுக்க முடியாது.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தமிழுக்காக ஓர் ஏக்கம் வரும். ஒப்பாரி நம்மிடம் இருக்கிறது. இழுத்து, நிறுத்தி, மறுபடி எடுக்கும் அந்த நடை பிளாக் சபாத்துக்கு ஒன்றும் குறைந்ததில்லை. பறை இருக்கிறது. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018இல் சென்னையில் மேடையேறி, கானாவும் பறையும் மின்கிதாரும் ஒன்றாக நிற்கும் என்று காட்டிவிட்டார்கள். நான் கேட்பது இன்னும் கனமான ஒன்று: முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சாகக் கேட்க வேண்டிய, தமிழிலேயே யோசித்து எழுதிய, அவசரப்படாத ஒரு மெட்டல் ஆல்பம். எங்கள் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளால் அதைச் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு காதில் செண்டையும் மறு காதில் தப்பட்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

சித்தூர், பொள்ளாச்சி, கோவைப் பக்கம் அப்படி யாராவது வாசித்துக்கொண்டிருந்தால் எழுதுங்கள். பதிவு கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, செல்போனில் பிடித்ததாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்து கேட்பேன். பேஸை மட்டும் தாழ்த்திவிடாதீர்கள்.