சங்கம் பதிவு செய்ய நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை

நிர்வாகம் அனுமதி தந்தால்தான் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

விண்ணப்பம் போவது நிர்வாகத்திடம் அல்ல, அரசின் தொழிற்சங்கப் பதிவாளரிடம். ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்கத்தின் பெயரை நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், பதிவு வேறு, தொழிலாளர் சார்பில் நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவதற்கான அங்கீகாரம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

நீங்களே சரிபார்க்கலாம். 'இந்தியா கோட்' என்ற அரசுத் தளத்தில் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2020-ஐ (Industrial Relations Code, 2020) திறந்து 6-ஆம் பிரிவைப் படியுங்கள். அப்புறம் இரண்டாம் அட்டவணைக்குப் போங்கள்: சங்கத்தில் சேர்ந்தால் வேலையை விட்டு நீக்குவோம் என்று மிரட்டுவது முறையற்ற செயல் என்று அங்கே முதலிலேயே இருக்கிறது. பயந்துபோய் ஒதுங்கி நிற்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தை அவர்களுக்கு அனுப்புங்கள்.