முப்பது விநாடி சும்மா இருங்க

(திருநெல்வேலி டவுனில் ஒரு வீடு. மாடியில் கூழ்வத்தல் காய்கிறது. கீழே கூடத்தில் நாற்காலியில் செல்வி பெரியம்மா. எதிரே ஸ்டாண்டில் கேமரா. பின்னால் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் வருஷம் படிக்கும் நித்யா. கூழ்வத்தலைப் பற்றி ஐந்து நிமிஷ ஆவணப்படம், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.)

பெரியம்மா: ஏட்டி, பி.எஸ்சி.ன்னா தவளையை அறுப்பாவ, இல்லன்னா ஆசிட்டை ஊத்துவாவ. நீ என்னட்டி ஃபேனை அணைக்கே?

நித்யா: விஸ்காமும் பி.எஸ்சி.தான் பெரியம்மா. ஃபேன் இரைச்சல் உங்க குரலோட கலந்துட்டா, மோர்ல ஊத்தின தண்ணியைப் பிரிக்கற கதைதான். சாஃப்ட்வேர் பிரிக்கும். ஆனா தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பேசின மாதிரி ஆயிடுவீங்க.

பெரியம்மா: இதென்ன, ஃபிரிட்ஜையும் அணைக்கே? ஏட்டி, அது உங்க பெரியப்பா ஸ்கூட்டர் சாவில்லா! அதை எதுக்கு உள்ள வைக்கே? அதுக்கும் வேர்க்குதா?

நித்யா: ஃபிரிட்ஜ் உறுமும்போது பேசினதையும் உறுமாதப்ப பேசினதையும் ஒட்டினா, வெட்டின இடம் காதுல அப்பட்டமா தெரியும். அதான் அணைச்சேன். வேலை முடிஞ்சதும் திரும்பப் போட எல்லாரும் மறந்துடுவாங்க, பால் திரிஞ்சுடும். வண்டிச் சாவி உள்ள இருந்தா, கிளம்புறப்ப ஃபிரிட்ஜைத் திறந்தே ஆகணும். சவுண்ட் எடுக்கறவங்க பழைய வித்தை.

பெரியம்மா: உன் வண்டிச் சாவியை வைக்க வேண்டியதுதானே?

நித்யா: என்கிட்ட வண்டி இல்லையே. சரி, இந்தச் சேலை ஆகாது. பொடிக்கட்டம். கேமரா சென்சார்ல புள்ளி வரிசை வரிசையா இருக்கும். அதுவும் உங்க கட்டமும் மோதிக்கிட்டா, சேலை மேல வானவில் நெளியும்.

பெரியம்மா: அப்போ அந்தப் பச்சைக் காட்டன்?

நித்யா: கஞ்சி போட்டதா? மைக்ல சரசரன்னு உரசும்.

பெரியம்மா: கட்டமும் கூடாது, கஞ்சியும் கூடாதுன்னா நைட்டிதாட்டி மிச்சம்!

(ஊதா நிற வாயில் துணிச் சேலையில் உடன்பாடு. நித்யா மைக்கை மாட்டுகிறாள்.)

நித்யா: நாடிக்கு ஒரு சாண் கீழ மைக். தாலிச் செயினை உள்ள விட்டுக்கோங்க, மைக்கை இடிக்கும். வளையல்?

பெரியம்மா: கழட்ட மாட்டேன்.

நித்யா: ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிடறேன். இப்ப லெவல் பாக்கணும், உங்க குரல் எவ்வளவு சத்தமா பதியுதுன்னு. காலையில என்ன சாப்பிட்டீங்க?

பெரியம்மா: (கோயிலில் பேசுவதுபோல்) இட்லி.

நித்யா: எப்பவும் பேசற மாதிரிதானே பேசினீங்க?

பெரியம்மா: (இன்னும் மெல்ல) ஆமா.

(நித்யா லெவலை ஏற்றி வைக்கிறாள்.)

பெரியம்மா: ஏ காக்கா! ஏட்டி, மாடியில வத்தலை காக்கா கொத்துது!

நித்யா: (ஹெட்போனைப் பிடுங்கி எறிந்து) ஐயோ! மீட்டர்ல உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபல்ல நிக்கணும். 0-வைத் தொட்டா ஒலியலையோட தலை வெட்டுப்பட்டுடும், எந்தச் சாமி வந்தாலும் ஒட்ட முடியாது. லெவல் பாக்கறப்ப எல்லாரும் பூனை. ரெக்கார்ட் போட்டதும் புலி.

பெரியம்மா: நான் காக்காவைத்தானே விரட்டினேன். ஆமா, செல்போன்ல எடுத்தா இந்த டியூப்லைட் மினுக்கு மினுக்குன்னு வெட்டுதே, உன் கேமராவுலயும் தெரியுமா?

நித்யா: செல்போன்லதான் அப்படித் தெரியும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். செல்போன் பாட்டுக்கு விநாடிக்கு 30 படம், ஒவ்வொண்ணுக்கும் விநாடியில 60-ல ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறப்புன்னு எடுத்தா கணக்கு இடிச்சு, படத்துல பட்டை ஓடும். நான் 25 படம், 50-ல ஒரு பங்கு வெச்சிருக்கேன். ஆனா அந்த மஞ்ச பல்பை அணைக்கணும். வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்லுவாங்க. ஜன்னல் வெளிச்சம் சுமார் 5600, பல்பு சுமார் 2700. ரெண்டும் விழுந்தா ஒரு கன்னம் கிருஷ்ணர், மறு கன்னம் மஞ்சக்காப்பு.

பெரியம்மா: மூணு வருஷமும் இதுதானா? லைட்டை அணை, ஃபேனை அணை... மின்வாரியத்துல வேலை கிடைக்குமோ?

நித்யா: தியரியும் உண்டு. 1948-ல ஷானன்னு ஒரு இன்ஜினியர். அனுப்பறவர், போற வழி, வாங்கறவர், நடுவுல புகுந்து கெடுக்கற இரைச்சல்னு படம் போட்டார். பத்து மார்க் கேள்வி.

பெரியம்மா: இதுக்குப் பத்து மார்க்கா? போன வாரம் மிக்சி ஓடும்போது உங்க பெரியப்பாட்ட ‘அரைக்கிலோ ஜவ்வரிசி’ன்னேன். அரைக்கிலோ அரிசியோட வந்து நிக்காவ.

நித்யா: அதேதான்! ஆனா ஷானன் படத்துல அம்பு ஒரே பக்கம்தான் போகும். வாங்கறவர் திரும்பக் கேக்கற வழியைப் பின்னால வந்தவங்கதான் சேர்த்தாங்க.

பெரியம்மா: அப்போ அவாளும் ஷானன் படத்துல உள்ள ஆள்தான். முப்பது வருஷமா ஒரு கேள்வி திரும்பக் கேட்டதில்ல.

நித்யா: ரெக்கார்ட் போடறேன். ஒண்ணே ஒண்ணு. என் கேள்வியை வெட்டிடுவேன். அதனால கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லணும். எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்கன்னா ‘நாலு’ன்னு சொன்னா பாக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

பெரியம்மா: கூழ்வத்தல் போட நான் எத்தனை மணிக்கு எந்திரிப்பேன்னா, கூழ்வத்தல் போட நான் நாலு மணிக்கு எந்திரிப்பேன்.

நித்யா: ஒரு தடவை போதும்.

பெரியம்மா: ஒரு தடவை போதுமான்னா, ஒரு தடவை போதும்.

(நாற்பது நிமிஷம் கழித்து. இந்த நாற்பதில்தான் ஐந்து தேற வேண்டும். கூழ் கிண்டும் கை, துணியில் பிழிகிற அச்சு எல்லாம் தனியாக எடுத்தாயிற்று. பேச்சை வெட்டுகிற இடங்களை மூட அவை வேண்டும்.)

நித்யா: கடைசி வேலை. முப்பது விநாடி யாரும் பேசக்கூடாது.

பெரியம்மா: யாராச்சும் போயிட்டாவளா?

நித்யா: ரூம் டோன் பெரியம்மா! இந்தக் கூடத்தோட வெறும் அமைதி. வெட்டின இடத்துல ஒலியே இல்லாம விட்டா, பள்ளத்துல விழுந்த மாதிரி கேக்கும். இந்த அமைதியை எடுத்து அங்க நிரப்பணும்.

பெரியம்மா: சும்மா இருக்கதையா படம் பிடிக்கே?

நித்யா: சும்மா இருக்கதைத்தான். ம்... போலாம்.

(ஐந்து. பத்து. இருபது. பெரியம்மாவின் முகம் சிவக்கிறது. இருபத்தெட்டு. வாசலிலிருந்து பெரியப்பாவின் குரல்: ‘என் சாவி எங்க?’)

பெரியம்மா: ஸ்கூட்டர் சாவி எங்க இருக்குன்னா, ஸ்கூட்டர் சாவி ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கு!

நித்யா: ரெண்டு விநாடி பெரியம்மா... இன்னும் ரெண்டே விநாடி...

பெரியம்மா: கோவப்படாதட்டி. அவாள் சாவியை எடுத்துட்டுப் போயிட்டாவளே, இனி ஃபிரிட்ஜை யாரு ஞாபகப்படுத்துவா?

நித்யா: உங்க செல்லை உள்ள வைங்க. அது இல்லாம பத்து நிமிஷம் இருக்க மாட்டீங்க. மறுபடியும் முதல்ல இருந்து. முப்பது விநாடி.

(அமைதி. பதினேழாவது விநாடியில் ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து முருகன் பாட்டு ஒலிக்கத் தொடங்குகிறது.)

பெரியம்மா: (வாயைப் பொத்திக்கொண்டு) நான் பேசலட்டி!